கடைசி எண் ஸேய்

தூத்துக்குடியில் போன் நம்பரை இத்தாலிய மொழியில்தான் சொல்ல வேண்டும். மற்றதையெல்லாம் தமிழில் சொல்லலாம். மீன் விலை, வசவு, கோயிலில் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனம் எல்லாம் தமிழில்தான் நடந்தன. நம்பர் மட்டும் இத்தாலியத்தில். தமிழில் சொன்ன நம்பருக்கும் மணி அடிக்கும். யாரோ எடுப்பார்கள். ஆனால் பேசமாட்டார்கள். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கும். அதனால் ஊரில் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

கற்றுக்கொள்வது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. ஒன்று ஊனோ, இரண்டு தூவே, மூன்று த்ரே. எட்டு ஓத்தோ, ஒன்பது நோவே. ஒருவர் நம்பரைச் சொல்ல வேண்டும். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் முதலில் சொன்னவர் 'எஸாத்தோ' என்று முடிக்க வேண்டும். அதேதான் என்று அர்த்தம். அந்தச் சொல் விழுந்த பிறகு நம்பரை மாற்ற முடியாது. தப்பான நம்பருக்கு எஸாத்தோ சொன்னவர்கள் அந்த நம்பர் இருக்கிற வீட்டுக்கே குடிபோக வேண்டி வந்ததும் உண்டு. திரேஸ்புரத்துத் தையல்காரர் ஒருவர் அப்படிப் போய், அங்கிருந்த பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினார். நல்ல மனுஷன் என்றுதான் ஊரில் பேச்சு.

சிக்கல் ஏழில்தான். ஏழு என்றால் ஸெத்தே. யார் வாயில் வந்தாலும் அது 'செத்தே' என்றுதான் காதில் விழும். நம்பரில் ஏழு அதிகமாக உள்ள பெண்ணுக்கு வரன் தகைவது கஷ்டம். ஆஸ்பத்திரிகளில் ஏழாம் நம்பர் கட்டிலில் யாரும் படுப்பதில்லை. அதில் தலையணைகளை அடுக்கி வைத்திருப்பார்கள்.

கஸ்பாரின் வீட்டு நம்பரில் ஏழு கிடையாது. கடைசி எண் ஆறு. ஆறு என்றால் ஸேய். இதில் அவனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

கஸ்பார் உப்பளத்து எடைமேடையில் வேலை பார்த்தான். காலி லாரியை எடை போடும்போது கிளீனர் உள்ளே சுருண்டு படுத்திருப்பான். உப்பு ஏற்றி வரும்போது இறங்கியிருப்பான். கணக்கில் ஒரு ஆள் எடை உப்பு காசில்லாமல் போய்விடும். இதைக் கண்டுபிடிப்பதுதான் கஸ்பாரின் வேலை. ஒவ்வொரு லாரியின் அடியிலும் குனிந்து பார்த்துப் பார்த்து அவனுக்கு முதுகு வளைந்திருந்தது. சந்தேகமும் அப்படியே உடம்போடு வளர்ந்துவிட்டது. கைபேசியைக்கூட அவன் கையில் வைத்துக்கொள்வதில்லை. ஒரு போன் வீட்டில், பிரிட்ஜின் மேல் இருந்தது. அதை எடுப்பது அவன் மனைவி மெட்டில்டா.

அன்று காலை மெட்டில்டாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தான். பித்தப்பையில் கல். சின்ன ஆபரேஷன் என்றார்கள். அவள் தானாகவே நடந்து உள்ளே போனாள். கதவருகில் திரும்பினாள்.

"கேஸை மூடுனியளா?" என்றாள்.

"மூணு தரம் பாத்துட்டேன்."

"அப்ப சரி," என்று போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. சாத்தியவர் யாரென்று தெரியவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் நேரில் யாருக்கும் எதுவும் சொல்வதில்லை. நோயாளி எப்படி இருக்கிறார் என்பதைப் போனில்தான் சொல்வார்கள். எண் மேசைக்குப் போய் நம்பரைக் கொடுக்க வேண்டும். மேசையில் திருப்பிச் சொல்வார்கள். எஸாத்தோ சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒருவனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் சேதி சொல்வோம் என்பது கஸ்பாருக்கு அப்போதே பிடிக்கவில்லை.

எண் மேசையில் இருந்தவள் பெயர் எமரன்சியா. சட்டையில் பெயர் எழுதிக் குத்தியிருந்தாள். அவனைவிடக் கொஞ்சம் இளையவள். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். மேசையில் ஒரு கறுப்புப் போன் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"நம்பர்," என்றாள்.

கஸ்பார் நிதானமாகச் சொன்னான். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் எச்சில் விழுங்கினான். "தூவே, ஸேய்" என்று முடித்தான்.

எமரன்சியா திருப்பிச் சொன்னாள். அச்சுப் பிசகாமல் வந்தது. கடைசியில், "தூவே, ஸெத்தே," என்றாள்.

"இல்ல தங்கச்சி. ஸேய்."

"அதைத்தானே சொன்னேன்."

"நீங்க ஸெத்தேன்னிய."

"நான் ஏன் அண்ணாச்சி செத்தேன்? நல்லாத்தான் இருக்கேன்."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கஸ்பார் திரும்பிப் பார்த்தான். எல்லா முகமும் இறுகியிருந்தது. சிரித்தது யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"இன்னொரு தரம் சொல்லுதேன்," என்றான். சொன்னான். அவள் திருப்பிச் சொன்னாள். மறுபடியும் கடைசியில் ஸெத்தே.

"நம்பர் எனக்குத் தெரியாதா? என் வீட்டு நம்பர்."

எமரன்சியா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தாள். "அண்ணாச்சி, ஸேய்னா ஆறு. அந்த ஊர்ப் பேச்சில ஸேய்னா 'நீ இருக்கிற'ன்னும் ஒரு அர்த்தம் உண்டு. நீங்க எதைச் சொல்லுதிய?"

"ஆறைச் சொல்லுதேன்."

"ஆறைச் சொல்லுத மாதிரி தெரியலையே. 'நீ இருக்கிற, நீ இருக்கிற'ன்னு யார்கிட்டயோ சொல்லுத மாதிரில்ல இருக்கு."

கஸ்பாருக்குச் சுருக்கென்றது. "எப்பிடிச் சொன்னா என்ன? ஆறு ஆறுதானே?"

"இங்கன நம்பர்தான் சொல்லணும். ஆசையைச் சொல்லக் கூடாது. போய் ஆறுதலா உக்காந்துட்டு வாங்க. அடுத்து யாரு?"

அவன் நகர்ந்தான். 'ஆறுதலா' என்று அவள் சொன்னதில் ஆறு இருப்பதை யோசித்தான். வேண்டுமென்றே சொல்லியிருப்பாளோ என்று பட்டது.

கூடத்தில் மெட்டில்டாவின் தம்பி இருதயம் நின்றுகொண்டிருந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். உட்கார்ந்தே வேலை பார்க்கிறவன் என்பதால் லீவு நாளில் உட்காரவே மாட்டான். பெஞ்சில் இடம் இருந்தும் நடுக்கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"முடிஞ்சுதா மச்சான்?"

"முடியல. ஏழுங்குதா அவ."

"ஏழுன்னா ஏழுன்னு விட்டுத்தொலைங்க. எஸாத்தோ சொன்னாத்தான அக்காளைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லுவாவ."

"அந்த வார்த்தைதான் ஏழு," என்றான் கஸ்பார்.

இருதயத்துக்குப் புரியவில்லை. சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். காவலாளி அந்தப் பக்கமாக வந்தார். "தூண் மாதிரி வழியில நிக்காதியும்," என்று இருதயத்திடம் சொல்லிவிட்டுப் போனார். இருதயம் நகரவில்லை.

அப்போது மேசையில் ஒரு வாழைத்தார் வியாபாரி நின்றார். ஏரல் பக்கத்து ஆள். தோளில் துண்டு, துண்டில் வாழைக்கறை. அவர் சொன்ன நம்பரில் கடைசி எண் என்ன என்று கஸ்பாருக்குச் சரியாகக் கேட்கவில்லை. எமரன்சியா திருப்பிச் சொன்னது கேட்டது. ஸெத்தே என்று முடிந்தது. வியாபாரி ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றார். பின்னால் வரிசை நீளம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"எஸாத்தோ," என்றார்.

எமரன்சியா உடனே கறுப்புப் போனை எடுத்து எண்களைச் சுழற்றினாள். வியாபாரியின் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார். 'ப்ரோந்தோ' என்றார். போனை எடுத்ததும் அப்படித்தான் சொல்ல வேண்டும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே போனில் பேசினார்கள். நடுவில் ஒரு மேசை அகலம்தான். ஆனால் அவள் சொன்னது கஸ்பாருக்குக் கேட்கவில்லை. வியாபாரி சொன்னது மட்டும் கேட்டது.

"சரிம்மா... சரிம்மா... ஆமா, அவளுக்குத் தண்ணி ஆகாது... சரிம்மா."

போனை வைத்தார். துண்டை உதறி மடித்தார். பக்கச் சுவரில் இருந்த பச்சைக் கதவைத் திறந்துகொண்டு போனார். போகுமுன் செருப்பைக் கழற்றிவிட்டார்.

கஸ்பார் கிட்டப் போய்ப் பார்த்தான். கதவு சுவரில் வரைந்தது. கைப்பிடி, தாழ்ப்பாள், கீல் எல்லாமே பெயின்ட். செருப்பு மட்டும் நிஜம். தொட்டுப் பார்த்தான். சூடு இருந்தது.

இனி எந்தக் காரணத்தைக் கொண்டும் ஏழுக்கு எஸாத்தோ சொல்வதில்லை என்று அங்கேயே முடிவு செய்தான். நம்பர் முடிவாகாதவரை அவர்களால் போன் செய்ய முடியாது. போன் வராதவரை மெட்டில்டாவுக்கு ஒன்றும் ஆகாது. கணக்கு அவனுக்குச் சுத்தமாகத் தெரிந்தது.

ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. மறுபடியும் வரிசையில் நின்றான். இந்தத் தடவை ஒரு தந்திரம் வைத்திருந்தான். சில பேர் எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சொல்வார்கள். அதுவும் செல்லும். கடைசி இரண்டையும் சேர்த்தால் இருபத்தாறு. இருபத்தாறு என்றால் வெந்திஸேய். ஒட்டிப் பிறந்த எண்ணை அவளால் பிரித்து மாற்ற முடியாது என்று நினைத்தான்.

சொன்னான். எமரன்சியா கேட்டுக்கொண்டாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"...வெந்திஸெத்தே," என்று திருப்பிச் சொன்னாள்.

முன்னால் செத்தது மட்டும்தான் இருந்தது. இப்போது வெந்தும் சேர்ந்துகொண்டது.

"வேண்டாம்," என்றான். "பழையபடியே இருக்கட்டும்."

"எஸாத்தோவா, இல்லையா?"

"இல்ல."

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க யாரையாவது நம்புனது உண்டா?"

"எடை போட்ட பிறகு நம்புவேன்."

"உங்க வீட்டு அக்காளை?"

"அவளை எதுக்கு இழுக்குதிய?" என்றான். பதில் சொல்லாமல் விட்டதை அவளும் கவனித்தாள், அவனும் கவனித்தான்.

அதன் பிறகு அவன் உள்ளே போவதென்று தீர்மானித்தான். மெட்டில்டா போன கதவைத் தள்ளினான். திறந்துதான் இருந்தது. இதுவும் சந்தேகமாக இருந்தது.

உள்ளே ஒரு நடை. இரண்டு பக்கமும் கதவுகள். முதலில் ஊனோ என்று எழுதிய கதவு, அடுத்து தூவே. மெட்டில்டா ஸேயில்தான் இருப்பாள் என்று கஸ்பார் நினைத்தான். ஆறாவது கதவு அங்கிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது. அவன் நடந்தான். கதவும் அங்கேயேதான் இருந்தது. நடை மட்டும் நீண்டது. சுவரில் அடித்திருந்த நீலப் பெயின்ட் புதுசாக, ஈரமாக இருந்தது. அவன் நடக்க நடக்க யாரோ முன்னால் அடித்துக்கொண்டே போவதுபோல. வேகமாக நடந்தால் வேகமாக நீண்டது. ஓடிப் பார்த்தான். எதிரே கடல் காற்று அடித்தது.

காவலாளி ஒரு சைக்கிளில் வந்தார். நடையில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி அவர் வெட்கப்படவில்லை.

"ஆறாம் கதவு எவ்வளவு தூரம்?" என்று கஸ்பார் கேட்டான்.

"நடக்கியளா, நிக்கியளா?"

"நடக்கேன்."

"நடந்தா தூரம். நின்னா பக்கம்."

மணியை அடித்துவிட்டுப் போய்விட்டார். இதில் என்ன சூது இருக்கும் என்று கஸ்பார் வெகுநேரம் யோசித்தான். யோசிப்பதற்காக நின்றான். நின்றதும் ஆறாம் கதவு அவன் மூக்குக்கு நேராக இருந்தது.

தட்டினான்.

உள்ளே தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. மெட்டில்டாவின் செருமல். ஒன்றரைத் தடவை செருமுவாள், அரையை அடக்கிக்கொள்வாள்.

"யாரு?"

"நான்தான். கஸ்பாரு."

"காலையில இருந்து எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுதாவ," என்றது குரல். "எல்லாருக்கும் அதே குரல்தான்."

"யாரு வந்தா?"

"தெரியல. கதவைத் திறக்கல."

"எப்பிடி இருக்க? வலிக்கா?"

"நீங்க யாருன்னு தெரிஞ்சாத்தான அதைச் சொல்ல முடியும்?"

கஸ்பார் கதவில் கையை வைத்தான். குளிர்ச்சியாக இருந்தது. இது மெட்டில்டாதான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எமரன்சியாவுக்கும் பெண் குரல்தான். செருமுவதற்கு என்ன படிப்பா வேண்டும்?

"நான் ஒண்ணு கேக்கேன்," என்றான். "காலையில உள்ள போகும்போது என்கிட்ட என்ன கேட்ட?"

"கேஸை மூடுனியளான்னு கேட்டேன். அதை ஊர்ல எல்லாப் பொம்பளையும்தான் கேப்பா. இப்ப நான் கேக்கேன். வீட்டு நம்பரைச் சொல்லுங்க."

அவன் சொன்னான். கடைசி ஸேய் காற்றாகத்தான் வந்தது.

உள்ளே இருந்த குரல் திருப்பிச் சொன்னது. ஒவ்வொரு எண்ணாக, அரிசி பொறுக்குவதுபோல. நோவே சரி. ஓத்தோ சரி. நடுவில் வரும் எண்கள் எல்லாம் சரி. தூவே சரி.

"ஸேய்," என்றது குரல்.

தெளிவாக, அழுத்தமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஸேய். அன்று முழுவதும் அந்த எண்ணை அவனுக்கு யாரும் சரியாகத் திருப்பிச் சொல்லவில்லை. கஸ்பார் காத்திருந்தது அதற்காகத்தான்.

ஆனால் எடைமேடையில் ஒரு லாரி முழு டன்னாக, கிலோ பிசகாமல் வந்து நின்றால் கஸ்பார் அதைத்தான் முதலில் சந்தேகிப்பான். அப்படிப்பட்ட லாரியின் அடியில் அவன் டார்ச் அடித்துப் பார்ப்பான். காலையிலிருந்து தப்பாகவே சொன்னவர்கள் இப்போது திடீரென்று ஏன் சரியாகச் சொல்கிறார்கள்? யார் சொல்லிக் கொடுத்தது? அவன் வாயிலிருந்து எஸாத்தோவை வாங்குவதற்கு இதைவிட நல்ல வழி உண்டா?

"எஸாத்தோதானே?" என்றது குரல். அதில் ஒரு சின்ன நடுக்கம் இருந்தது.

"இல்ல," என்றான் கஸ்பார்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"இல்லையா?"

"இன்னொரு தரம் சொல்லு."

"ஒரு தரம்தான் சொல்ல முடியும்," என்றது குரல். கோபமே இல்லை. "அப்ப நீங்க அவர் இல்ல. அவரா இருந்தா எஸாத்தோன்னு சொல்லியிருப்பாரு."

பிறகு ஒன்றரைத் தடவை செருமியது. அடக்கிக்கொண்ட அந்த அரைச் செருமலைக் கேட்டதும் கஸ்பாருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. இருபது வருஷமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்டவனுக்குத்தான் அது தெரியும்.

"எஸாத்தோ!" என்று கத்தினான். "எஸாத்தோ, மெட்டில்டா! எஸாத்தோ!"

அவன் கை வைத்திருந்த இடத்தில் கதவு இல்லை. நீலச் சுவர் இருந்தது. உள்ளங்கையில் பெயின்ட் ஒட்டியது. அந்தச் சுவரைப் பார்த்து அவன் மூச்சு முட்டும் மட்டும் எஸாத்தோ சொன்னான். சுவர் நல்ல கெட்டிச் சுவர்.

திரும்பி வர நேரமே ஆகவில்லை. ஒரு எட்டு வைத்ததும் கூடம் வந்துவிட்டது.

கூடத்தில் இருதயம் தூணாகியிருந்தான். மச்சு வரைக்கும் உயர்ந்திருந்தான். நெஞ்சு வரை வெள்ளையடித்து, அதற்குக் கீழே காவிப் பட்டை தீட்டியிருந்தார்கள். முழங்கால் உயரத்தில் 'எச்சில் துப்பாதீர்' என்று எழுதியிருந்தது. ஒரு கர்ப்பிணிப் பெண் அவன்மேல் சாய்ந்து நின்று இளைப்பாறினாள்.

"இருதயம்?"

"ஒண்ணும் இல்ல மச்சான்," என்றது மேலேயிருந்து குரல். "பாரம்தான் கொஞ்சம் கூடுதல். பரவாயில்ல. அக்காள் எப்பிடி இருக்கா?"

"சரியாத்தான் சொன்னா. நான்தான் இல்லன்னுட்டேன்."

தூணிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது.

எண் மேசையில் யாரும் இல்லை. நாற்காலி பின்னுக்குத் தள்ளியிருந்தது. எமரன்சியாவின் கண்ணாடி கயிற்றோடு மேசைமேல் கிடந்தது. வரிசை அப்படியே நின்றது. எல்லோரும் கஸ்பாரையே பார்த்தார்கள். லேட்டாக வந்த ஊழியரைப் பார்க்கிற பார்வை.

"எவ்வளவு நேரம்யா நிக்கிறது?" என்றார் முன்னால் நின்றவர்.

கஸ்பார் சுற்றிப் பார்த்தான். காவலாளி சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார், தலையை ஆட்டினார். இதிலும் ஏதோ சூது இருக்கும் என்று கஸ்பாருக்குத் தோன்றியது. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு முன்போல வலு இல்லை. போய் உட்கார்ந்தான். நாற்காலி சூடாக இருந்தது.

முன்னால் நின்றவர் நம்பரைச் சொன்னார். அவர் சொன்ன ஸேய் கஸ்பாரின் காதில் ஸெத்தே என்று விழுந்தது. அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் எமரன்சியா பொய் சொல்லவில்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இப்படித்தான் கேட்கிறது. பாவம், அவள் கேட்டதைச் சொல்லியிருக்கிறாள்.

காதை நம்பாமல் வாயைப் பார்த்தான். ஸேய் என்றால் உதடு இழுபடும். ஸெத்தே என்றால் நாக்கு பல்லில் தட்டும். அந்த மனிதரின் நாக்கு தட்டவில்லை.

"ஸேய்," என்று திருப்பிச் சொன்னான் கஸ்பார்.

அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. "எஸாத்தோ!" என்றார். வீட்டுக்கு ஓடினார். வாசல் வழியாகவே ஓடினார்.

அப்படியே பலர் வந்தார்கள். கஸ்பார் ஒவ்வொருவர் வாயையும் லாரியின் அடியைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். உண்மையாகவே ஏழு உள்ளவர்களும் வந்தார்கள். அவர்களுக்கு ஏழை மெதுவாக, தணிந்த குரலில் திருப்பிச் சொன்னான். பயப்படாதிய, இது வெறும் எண் என்றான். சிலர் நம்பினார்கள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்தபோது மேசைக்கு முன்னால் மெட்டில்டா நின்றாள்.

நன்றாக இருந்தாள். முகம் கழுவி, தலை பின்னி, மஞ்சள் சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு தூக்குச்சட்டி. பித்தப்பையில் கல் இருக்கிற பெண்ணாகவே தெரியவில்லை. கஸ்பார் எழுந்திருக்கப் பார்த்தான். நாற்காலி விடவில்லை. வாயைத் திறந்தான். நான்தான் என்று சொல்ல வந்தது. ஆனால் அங்கே நேரில் எதுவும் சொல்வதில்லை. சொல் நாக்கு வரை வந்து திரும்பிவிட்டது.

"நம்பர்," என்றது அவன் வாய்.

அவள் அவனைப் பார்த்தாள். மேசைக்குப் பின்னால் இருக்கிறவரைப் பார்க்கிற பார்வை.

"எங்க வீட்டுக்காரரை உள்ள சேத்திருக்கு," என்றாள். "ஏதாவது ஒண்ணுன்னா சொல்லணும்."

"என்ன கோளாறு?"

"சந்தேகம்னுதான் சேத்திருக்கு. ரொம்ப நாளாவே இருந்துச்சு. இப்ப முத்திப்போச்சு."

அவள் நம்பரைச் சொன்னாள். அவன் கண்ணைச் சிமிட்டாமல் அவள் உதட்டையே பார்த்தான். தூவே என்றாள். பிறகு உதடு இழுபட்டது. காதில் ஸெத்தே என்றுதான் விழுந்தது. காது கிடக்கட்டும் என்று விட்டான்.

திருப்பிச் சொன்னான். ஊரில் எவரும் அந்த நம்பரை அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள். கடைசி எண்ணுக்கு வந்ததும் நிறுத்தி, மூச்சை இழுத்து, "ஸேய்," என்றான். ஆறு என்ற அர்த்தத்தில் சொன்னான். மற்ற அர்த்தத்திலும் சொன்னான்.

மெட்டில்டா உடனே எஸாத்தோ சொல்லவில்லை. தலையைச் சாய்த்து யோசித்தாள். இவன் ஏன் இவ்வளவு சரியாகச் சொல்கிறான் என்று யோசிக்கிறாள். கஸ்பாருக்கு அது தெரிந்தது. வரிசையில் யாரோ இருமினார்கள்.

"எஸாத்தோ," என்றாள்.

தூக்குச்சட்டியை மேசைமேல் வைத்தாள். "இதை அவர்கிட்ட சேத்துருங்க. வெளிச் சாப்பாடு அவருக்கு ஆகாது. யாரு சமைச்சா, என்னத்தைப் போட்டான்னு நூறு கேள்வி கேப்பாரு."

திரும்பிப் பார்க்காமல் போனாள். தூணைக் கடக்கும்போது, "நேரா நில்லுல," என்றாள். தூண் சற்று நிமிர்ந்தது.

அவள் வீடு போய்ச் சேரும் வரை கஸ்பார் காத்திருந்தான். தெருமுனை, மாவு மில், குழாயடி என்று அவள் வழியை மனதில் நடந்து பார்த்தான். சாவியைத் தேட நேரம் கொடுத்தான். பிறகு கறுப்புப் போனை எடுத்துச் சுழற்றினான். மணி அடித்தது.

"ப்ரோந்தோ," என்றாள் மெட்டில்டா. மூச்சு வாங்கினாள்.

"ஆஸ்பத்திரில இருந்து பேசுதேன்," என்றான். "உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்காரு."

மறுமுனையில் அவள் எதன்மேலோ உட்காரும் சத்தம் கேட்டது.

"நிஜமாவா?"

"நிஜமா."

"சாப்பிட்டாரா?"

கஸ்பார் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு தூக்குச்சட்டியைத் திறந்தான். சோறும் கணவாய் மீன் பொரியலும் இருந்தன. ஒரு வாய் எடுத்து வைத்தான். அன்று முழுவதும் எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு."

"யாரு செஞ்சதுன்னு கேட்டாரா?"

"கேக்கல."

"கேக்கலையா," என்றாள். பிறகு, "எப்ப விடுவிய?"

கஸ்பார் வரிசையைப் பார்த்தான். வாசலைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, கடற்கரைச் சாலையில் வளைந்து போயிருந்தது. கடைசி ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"லைன் முடியணும்."

"பெரிய லைனா?"

"ஆமா."

"சரி. போனை வைக்காதிய," என்றாள். "அப்பிடியே கிடக்கட்டும்."

அவன் போனை வைக்கவில்லை. காதுக் குழாயை மேசைமேல் மல்லாத்திப் போட்டான். அதற்குள்ளிருந்து வீடு கேட்டது. குழாயில் தண்ணீர் விழுந்தது. பிரிட்ஜ் ஒரு தடவை குலுங்கி ஓடத் தொடங்கியது. மெட்டில்டா பூனையை வைதாள்.

கையைத் துடைத்துக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டான். ஒரு மீன் ஏலக்காரர் வந்தார். ஏலக் குரலிலேயே நம்பரைச் சொன்னார். கஸ்பார் திருப்பிச் சொன்னான். அவன் சொல்லி முடிக்குமுன் மேசைமேல் கிடந்த போனுக்குள்ளிருந்து மெட்டில்டாவும் அதே நம்பரை, ஒவ்வொரு எண்ணாக, அவனுக்குப் பின்னாலேயே திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"எஸாத்தோ," என்றார் ஏலக்காரர்.

யாருக்குச் சொன்னார் என்று கஸ்பாருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அடுத்தவரைக் கூப்பிட்டான்.